சின்ன வயதுத் துணிச்சல் எங்கே போனது? தன்திறன் நம்பிக்கை பற்றி ஓர் எளிய விளக்கம்

நான் சைக்கிள் பழகியது குரங்கு பெடலில். 1992-ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். வாடகைக் கடையில் கிடைப்பதெல்லாம் பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள்தான். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கக்கத்தில் சீட்டை இடுக்கி, வலது காலைக் குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைத்து, பெடலை முழுச் சுற்றுப் போகவிடாமல் அரை அரையாக மிதிக்க வேண்டும். உடம்பு ஒரு பக்கம் சாயும், சைக்கிள் இன்னொரு பக்கம் சாயும். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை விழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. யார் எண்ணினார்கள்? முழங்கால் சிராய்த்தால் எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டு, வாடகை நேரம் முடிவதற்குள் இன்னும் ஒரு சுற்று போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் கவலை.

அதே பொட்டலில், அதே மாதங்களில், என் அத்தையும் சைக்கிள் பழகினார். அவருக்கு 36 வயது. நன்றாக விடிவதற்கு முன்னால் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார். சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார், ஏற மாட்டார்.

"ஏறுங்க அத்தை, நான் பின்னாடி கேரியரப் புடிச்சுக்கிறேன்."

"இருடா. யாரும் வர்றாங்களா பாரு."

"யாரும் இல்ல அத்தை."

"விழுந்து கையக் கிய்ய ஒடிச்சுக்கிட்டா நாத்து நட யாரு போறது?"

ஒரே சைக்கிள், ஒரே மண். என்னைவிட அவருக்கு உயரமும் இருந்தது, பலமும் இருந்தது. கால் தாராளமாகத் தரையில் ஊன்றும். ஆனாலும் நான் விழுந்துகொண்டே ஓட்டிப் பழகினேன், அவர் விழாமலேயே நின்றுகொண்டிருந்தார். இந்த வித்தியாசத்தை எனக்கு விளங்க வைத்த ஒரு கருத்தைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். "சின்ன வயசுல எதையும் செஞ்சு பாத்துருவேன். இப்ப எதைத் தொட்டாலும் தயக்கமா இருக்கு" என்று சொல்லாத நாற்பது வயதுக்காரரை நான் பார்த்ததில்லை. அவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்தக் கருத்தின் பெயர் தன்திறன் நம்பிக்கை. கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதை விரிவாக முன்வைத்தார். "இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்துவிட முடியும்" என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்புதான் அது. நாம் பொதுவாகச் சொல்லும் தன்னம்பிக்கைக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தன்னம்பிக்கையை ஒரு குணம்போலப் பேசுகிறோம்: அவனுக்கு இருக்கிறது, இவனுக்கு இல்லை என்று. தன்திறன் நம்பிக்கை வேலைக்கு வேலை மாறும். ஐம்பது பேருக்குப் பதறாமல் சமைத்துப் போடுகிற ஒருவருக்கு வங்கிப் படிவத்தை நிரப்பக் கை நடுங்கலாம். என் அத்தை நிறைமாதச் சினை மாட்டைத் தனியாக நின்று ஈன வைப்பவர். அவரைப் பயந்த சுபாவம் என்று யாரும் சொல்ல முடியாது. சைக்கிள் விஷயத்தில் மட்டும் அவரிடம் அந்தக் கணிப்பு இல்லை.

ஒரு வேலையைத் தொடங்குகிறோமா, எவ்வளவு முயல்கிறோம், தடை வந்தால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறோம் என்பதையெல்லாம் இந்தக் கணிப்பு பெருமளவு தீர்மானிக்கிறது என்றார் பண்டூரா. அதனால், "எனக்கு முன்ன மாதிரி வேகமே இல்ல" என்று வருந்துபவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆசை அங்கேயே இருக்கும். முயன்றால் பலன் கிடைக்கும் என்ற கணிப்பு விழுந்திருக்கும். கணிப்பு விழுந்தால் வேகமும் தானாகப் படுத்துவிடும்.

சரி, சின்ன வயதில் அது எப்படி அவ்வளவு இருந்தது?

நடக்கப் பழகும் குழந்தையைப் பாருங்கள். கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். மணிக்குப் பதினேழு! பெரியவர்களாகிய நாம் ஒரு புதிய வேலையில் ஒரு மணி நேரத்துக்குள் பதினேழு முறை தோற்றால் அடுத்த நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம்.

குழந்தை ஏன் நிறுத்துவதில்லை? வீரம் என்று நாம் நினைக்கிறோம். அதில் ஒரு பங்குதான் உண்மை. சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் திறனைச் சரியாக எடைபோடத் தெரியாது. எவ்வளவு தூரம் தாண்டுவாய், எத்தனை படங்களை நினைவில் வைத்துச் சொல்வாய் என்று கேட்டால், நடப்பதைவிட மிக அதிகமாகச் சொல்வார்கள். ஒருமுறை தவறினாலும் அடுத்த முறை மறுபடியும் கூட்டித்தான் சொல்வார்கள். அந்த அறியாமை அவர்களுக்கு நன்மையே செய்கிறது, ஏனென்றால் அதனால்தான் சலிக்காமல் முயல்கிறார்கள். ஏழெட்டு வயது வாக்கில் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தன்னை அளக்கும் பழக்கம் பலமாகத் தொடங்குகிறது. அப்புறம் பள்ளிக்கூடம், மார்க், ரேங்க், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை எல்லாம் சேர்ந்து அந்த அளவுகோலைக் கையில் கொடுத்துவிடும்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "நான் கோழையாகிவிட்டேன்" என்று தன்னைத் திட்டிக்கொள்பவர்கள் நிறைய. அந்தத் துணிச்சலில் ஒரு பகுதி வளர்ச்சியோடு இயல்பாகவே கரைந்துபோகக்கூடியது. அதைத் திரும்பக் கேட்க முடியாது; கேட்கவும் வேண்டாம். நாற்பது வயதில், கையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு, நீந்தத் தெரியாமலே கிணற்றில் குதிக்கும் துணிச்சல் நமக்கு எதற்கு? ஆனால் இன்னொரு பகுதி இருக்கிறது. அது முயன்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கைகூடி, அந்த அனுபவத்திலிருந்து ஊறி வந்த நம்பிக்கை. அதை எந்த வயதிலும் உண்டாக்கலாம்.

நன்றாகப் படித்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் வருகிறது. சில சமயம் அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்தபின் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நீ நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் எல்லோரும் சறுக்கினார்கள். அந்தச் சறுக்கலுக்குப் பின், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் சீக்கிரம் சலித்தார்கள், முன்பு செய்ததைவிட மோசமாகவும் செய்தார்கள். புத்திசாலி என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டியவனுக்கு ஒவ்வொரு புது முயற்சியும் ஆபத்து. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி முதல் மாணவராக வந்து, இன்று ஒரு சின்ன வகுப்பில் சேரத் தயங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தன்திறன் நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்றார் பண்டூரா.

முதலாவது, நான்கில் மிக வலுவானது: கைகூடிய அனுபவம். தானே செய்து, தானே ஜெயித்தது. பண்டூரா இதைப் பாம்புக்குப் பயப்படுபவர்களிடம் சோதித்துப் பார்த்தார். லேசான பயம் இல்லை. பாம்பை நினைத்தாலே தோட்டத்துக்குப் போக முடியாத அளவுக்குப் பயம். அவர்களிடம் "பயப்படாதீர்கள்" என்று பேசிக்கொண்டிருக்கவில்லை. முதலில் வேறொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்க வைத்தார்கள். பிறகு பக்கத்தில் போவது, கையுறை போட்டுத் தொடுவது, வெறுங்கையால் தொடுவது, கடைசியில் தூக்கிப் பிடிப்பது. ஒவ்வொரு படியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துணைக்கு ஆள் நின்றார். பிறகு மெல்ல விலகிக்கொண்டார். பெரும்பாலானவர்களுக்குப் பயம் விட்டுப்போனது. எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது: பாம்புக்குச் சம்பந்தமே இல்லாத வேறு காரியங்களிலும் தங்களுக்குத் தைரியம் கூடியதாக அவர்கள் சொன்னார்கள். ஓரிடத்தில் ஊறியது பக்கத்து வயலுக்கும் கசிந்திருக்கிறது.

இரண்டாவது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. "நம்மைப் போன்ற" என்பதுதான் இங்கே முக்கியம். ஒலிம்பிக் வீராங்கனையைப் பார்த்து என் அத்தைக்கு எதுவும் ஆகியிருக்காது. தன்னோடு நடவுக்கு வரும் பெண் ஓட்டுவதைப் பார்த்தால்?

அதுதான் நடந்தது. புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். நூற்பாடம் போலச் சைக்கிளுக்கும் பயிற்சி முகாம்கள் நடந்தன. வயல் வேலைக்குப் போகும் பெண்கள், கல்குவாரியில் வேலை செய்யும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பி வாங்கினார்கள். சில வருடங்களிலேயே அந்த மாவட்டத்தில் சைக்கிள் பழகிய கிராமத்துப் பெண்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கேலி இல்லாமல் இல்லை. காது கூசும்படி பேசினார்கள். ஆனால் ஒருத்தி ஓட்டினால் கேலி செய்யலாம். தெருவே ஓட்டினால் என்ன செய்வது?

அத்தை இருட்டில் போவதை விட்டுவிட்டு, சாயங்காலம் மற்ற பெண்களோடு பொட்டலுக்குப் போக ஆரம்பித்தார். அன்றைக்கு ராசாத்தி அக்கா விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே சிரித்தார். அடுத்து அத்தை ஏறினார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கொஞ்ச தூரத்தில் கையை எடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. பேசிக்கொண்டே போனார், நான் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தார், விழுந்தார். "எவ்வளவு தூரம்டா தனியா வந்தேன்?" என்றுதான் முதலில் கேட்டார். முழங்கையில் தோல் உரிந்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தார்.

பெரியவர்கள் எதையும் கற்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முழங்கைதான் கண்ணில் வருகிறது.

மூன்றாவது ஊற்று, பிறர் சொல். "உன்னால முடியும்" என்ற சொல். நான்கில் மிகப் பரவலாகக் கிடைப்பதும், தனியே நின்றால் பலம் குறைந்ததும் இதுதான். காலையில் ஊக்கப் பேச்சு வீடியோ பார்க்கிறோம். பதினொரு மணிக்குள் வடிந்துவிடுகிறது. காரணம் எளிது: சொல்லுக்குப் பின்னால் நம் அனுபவம் ஒரு சாட்சியாவது சொல்ல வேண்டும். சாட்சி இல்லாத சொல் நிற்காது. ஆனால் முடியாது என்ற சொல் அப்படி இல்லை. நம்பிக்கையைச் சொல்லால் வளர்ப்பதைவிட, சொல்லால் கெடுப்பது எளிது என்று பண்டூராவே எழுதியிருக்கிறார். முடியாது என்று நம்பியவன் முயல்வதில்லை. முயலாததால் அந்தச் சொல் தப்பு என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வருவதில்லை.

எனக்கு இது நடந்தது. ஏழாம் வகுப்பில் ஆண்டுவிழாவுக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். சொல்லிக்கொடுத்தவர் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டு, "நீ பாடாத. வாயை மட்டும் அசை" என்றார். அவருக்கு அடுத்த நிமிடமே மறந்திருக்கும். நான் இருபத்தெட்டு வருடம் பாடவில்லை. குளியலறையில்கூட.

நான்காவது, உடம்பு. புதிதாக ஒன்றைச் செய்யப்போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வேர்க்கும். ராட்டினத்தில் ஏறும் பிள்ளைக்கும் அதே படபடப்புதான். பிள்ளை அதை "ஜாலி" என்று படிக்கிறது, நாம் அதை "வேண்டாம்" என்று படிக்கிறோம். தூக்கமின்மை, பசி, நாள்பட்ட களைப்பு எல்லாமே இந்தக் கணிப்பைக் கீழே இழுக்கும். இரவுப் பணி முடித்து வந்து "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று முடிவெடுக்காதீர்கள். அந்த முடிவைத் தூங்கி எழுந்த பிறகு எடுத்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேலாக ஆர்வமே வரவில்லை, தூக்கமும் பசியும் குலைந்திருக்கிறது, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது நம்பிக்கைக் குறைவு மட்டும் இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது. இந்தியாவில் 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். கால் முறிந்தவரிடம் தினமும் கொஞ்சம் நடந்து பாருங்கள் என்று சொல்வது எப்படித் தப்போ, அப்படித்தான் அந்த நிலையில் உள்ளவரிடம் இந்தக் கட்டுரையை நீட்டுவதும்.

நம்பிக்கைக்கும் உந்துதலுக்கும் நடுவில் இன்னொரு கண்ணி உண்டு. 1973-இல் மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் மழலைப் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி, சொன்னபடி தந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைந்திருந்தது. விளையாட்டு வேலையாகிவிட்டது. பெரியவர்கள் ஒன்றைத் தொடங்கியதும் "இதனால என்ன பிரயோஜனம்?", "யூட்யூப்ல போடலாமே?" என்று கேட்கிறார்கள் அல்லவா, அதுவும் இதே சான்றிதழ்தான். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் புதிதாகத் தொடங்கியதைச் சில மாதங்களுக்கு யார் கண்ணிலும் காட்டாமல், எந்தப் பலனோடும் முடிச்சுப் போடாமல் வைத்திருங்கள் என்பேன்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? உணர்ச்சி வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதுதான் நம்மில் பலர் செய்யும் தப்பு. வரிசை தலைகீழ். செய்தால்தான் அது வரும். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் இருவரும் 1967-இல், தப்பிக்க வழியில்லாத வலிக்கு ஆளான விலங்குகள் பிறகு வழி இருந்தும் முயலாமல் படுத்துவிடுகின்றன என்று காட்டினார்கள். கையறு நிலையை அவை கற்றுக்கொள்கின்றன என்றார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை பற்றிய புதிய சான்றுகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் படுத்துவிடுவதுதான் உயிரின் இயல்பான எதிர்வினை. "என் செயலால் இது மாறும்" என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். நான் இதைப் படித்த நாளில் மனது லேசானது. தொலைத்ததைத் தேட வேண்டியதில்லை, பழகினால் போதும்.

ஆகவே ஒரே ஒரு வேலையை எடுங்கள். "ஆங்கிலம் பேச வேண்டும்" என்பது வேலை இல்லை, அது ஊர். ஊருக்குப் போகும் முதல் பஸ் எது? "மதியச் சாப்பாடு முடிந்ததும், அலுவலகத்தில் என்னோடு சாப்பிடுபவரிடம் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசுவேன்." எப்போது, எங்கே, என்ன என்று இப்படி முன்கூட்டியே முடிச்சிட்டு வைப்பவர்கள் வெறும் ஆசையோடு இருப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் விளக்கியிருக்கிறார். படி மிகச் சின்னதாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். மிக எளிதாக இருந்தால் அடுத்த வாரம் கூட்டிக்கொள்ளலாம். பெரிய படி வைத்துச் சறுக்கினால்தான் கணிப்பு இன்னும் கீழே போகும்.

கணக்கு எழுதும் பழக்கம் இருந்தால், வெற்றியை எழுதாமல் முயற்சியை எழுதுங்கள். உங்களைவிட ஆறு மாதம் மட்டும் முன்னால் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். இருபது வருடம் முன்னால் இருப்பவர் வேண்டாம். விழுந்தால் உங்களோடு சேர்ந்து சிரிக்கக்கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது.

நான் மறுபடி பாடத் தொடங்கியது நாற்பது வயதில். தினமும் காலையில், பால் காய்கிற நேரம் மட்டும். முதல் வாரம் பல்லவியைத் தாண்டவில்லை. அடுப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து, அதே தெருவில் சாயங்காலம் சங்கீதம் பழகும், என் வயதுக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவர் ஒரு வருடமாகத்தான் பழகுகிறார், அவருக்கும் சுதி விலகும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளை விட்டுப் பல வருடம் ஆகிறது, முழங்கால் வலி. பேச்சுவாக்கில் நான் பாடப் பழகுவதைச் சொன்னேன்.

"எங்க, பாடு" என்றார்.

திரும்பித் தெருவைப் பார்த்தேன். "யாரும் வரலடா" என்றார்.

இரண்டு சரணம் பாடினேன். மூன்றாவதில் மேலே ஏறும் இடத்தில் மூச்சு போதவில்லை, நின்றுவிட்டது. இந்த மாதம் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறேன்.